கடைசி மேசைப் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா?

அரசாங்கப் பள்ளி மாணவர்களின் அடைவுநிலை உயர்ந்தால் சமுதாயத்துக்கு என்ன லாபம்? இந்தத் தலைப்பில் எங்கள் தொலைக்காட்சிக் கலந்துரையாடல் நடந்து முடிந்து சில வாரங்கள் ஆகின்றன. நிகழ்ச்சி நடத்துகிறவருக்குப் பேசக் கிடைப்பது தொடக்கத்தில் ஒரு நிமிடம், முடிவில் ஒரு நிமிடம். மற்ற நேரமெல்லாம் விருந்தினர்களுடையது. அன்று சொல்ல நினைத்து, கடிகாரத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டதை இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

நிகழ்ச்சியில் காட்டுவதற்குச் சில காட்சிகள் தேவைப்பட்டன. அதற்காக லெம்பா பெர்த்தாம் போனோம். கேமரன் மலைக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் ரிங்லெட்டைத் தாண்டி நேரே தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஏறிவிடுவார்கள். ரிங்லெட் பக்கம் பள்ளத்தாக்கில் இறங்கினால்தான் லெம்பா பெர்த்தாம் கண்ணில் படும். கீழே நெகிழிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள், மேட்டில் தேயிலை, இடையில் பெர்த்தாம் ஆறு. அங்கே ஒரு வீட்டு வாசலில், நாற்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்து ஓய்ந்த பாட்டி ஒருவர் எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, டிவியில எப்பப் பார்த்தாலும் எல்லாப் பாடத்துலயும் ஏ வாங்குன புள்ளைங்களையே கூப்பிட்டு உக்கார வைக்கிறீங்களே. எங்க பேரன் மாதிரி புள்ளைங்கள ஏன் காட்ட மாட்டேங்கிறீங்க? அவனும் அதே மாதிரி ஸ்கூலுக்குத்தானம்மா போறான்?"

பக்கத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பேரன் நின்றுகொண்டிருந்தான். என்னிடம் பதில் இல்லை. பாட்டி சொன்னது உண்மை. பத்தாண்டுகளுக்கு மேலாக இந்தத் துறையில் இருக்கிறேன். யு.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில் 7ஏ பிள்ளைகள், பிறகு 8ஏ பிள்ளைகள், அது போன பின் எஸ்.பி.எம். சாதனையாளர்கள் என்று வரிசையாகப் பேட்டி எடுத்திருக்கிறேன். பூச்செண்டு கொடுத்திருக்கிறேன். வகுப்பின் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்த பிள்ளையை ஒரு முறைகூட அழைத்ததில்லை. இத்தனைக்கும் நானே அந்த மேசையிலிருந்து வந்தவள்.

நானும் ஒரு புகுமுக வகுப்பு மாணவி

இதை நான் பொதுவில் அதிகம் சொன்னதில்லை. 2002ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். எழுதினேன். தேசியமொழிக் கட்டுரைத் தாளில் 'டி' வந்தது. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்கள் தேசியமொழித் தாள்களில் குறைந்தது 'சி' எடுக்காவிட்டால் முதலாம் படிவத்துக்குப் போக முடியாது, ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும் என்பது அன்றைய விதி. உட்கார்ந்தேன்.

அந்த ஓராண்டில் தேசியமொழி வந்துவிட்டது என்பது நிஜம்தான். ஆனால் 2003இல்தான் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் தொடங்கியது. ஆறாம் ஆண்டில் 'ஒளிச்சேர்க்கை' என்று தமிழில் படித்தவள், புகுமுக வகுப்பில் எல்லாவற்றையும் மலாயில் கேட்டுப் பழகி, 2004இல் முதலாம் படிவம் போனதும் அதையே 'போட்டோசிந்தசிஸ்' என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. மூன்றே ஆண்டுகளில் ஒரே இலைக்கு மூன்று மொழிகள்! இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. என்னோடு புகுமுக வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் எஸ்.பி.எம். மண்டபம் வரை வரவில்லை. யாரும் அவர்களை வெளியே தள்ளவில்லை. வகுப்பில் பேசுவது புரியாத பிள்ளை, இரண்டு நாள் வராமல் இருக்கும். பிறகு ஒரு வாரம். பிறகு ஒரு கார் கழுவும் கடையில் வேலை கிடைத்துவிடும்.

நான் தப்பித்ததற்கு என் திறமை பெரிய காரணமில்லை. வீட்டில் நாளிதழ் வாங்கினார்கள், அப்பா சத்தமாக வாசிக்கச் சொல்வார். அவ்வளவுதான். பட்டப்படிப்பு வரை போகவில்லை. பொதுசனத் தொடர்பியலில் டிப்ளோமா, அதோடு வேலை.

மூன்றாம் ஆண்டில் தெரிந்துவிடும்

முதல் மூன்று ஆண்டுகள் பிள்ளை வாசிக்கக் கற்கிறது. அதன் பிறகு, வாசித்துக் கற்கிறது. நான்காம் ஆண்டிலிருந்து அறிவியல், வரலாறு, கணிதத்தின் வசனக் கணக்கு எல்லாமே வாசிப்பை நம்பித்தான் நடக்கும். ஒரு வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கத்தை மறந்துவிடும் அளவுக்கு எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கணிதமும் வராது, அறிவியலும் வராது. நாம் அதைக் 'கணக்கில் மக்கு' என்போம். கோளாறு கணக்கில் இல்லை.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இந்தச் சுமை கூடுதல் என்பதையும் சொல்ல வேண்டும். 247 எழுத்துகளோடு தமிழ், ரூமி எழுத்தில் மலாய், அதே எழுத்தில் வேறு உச்சரிப்போடு ஆங்கிலம். மூன்றையும் ஏழு வயதில் ஒரே நேரத்தில் தொடங்குகிறது. நன்றாகக் கற்பித்தால் மும்மொழிப் பிள்ளை கிடைக்கும். அது பெரிய சொத்து. பாதியில் விட்டால் மூன்றிலும் தடுமாறும்.

இது தமிழ்ப்பள்ளிப் பிரச்சினை மட்டும்தானா என்றால், இல்லை. உலக வங்கி 2024 ஏப்ரலில் மலேசியப் பொருளாதாரம் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஐந்தாம் ஆண்டை எட்டும்போது மலேசிய மாணவர்களில் 42 விழுக்காட்டினர் போதிய வாசிப்புத் திறனை அடையவில்லை என்கிறது அது. நம்மைப் போன்ற வருமானமுள்ள நாடுகளில் இது 34 விழுக்காடு. நம் பிள்ளைகள் சராசரியாக 12.5 ஆண்டுகள் பள்ளியில் இருக்கிறார்கள், ஆனால் கற்றுக்கொள்வது 8.9 ஆண்டுகளுக்கு உரியது மட்டுமே என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். 2022 பீசா ஆய்வில் பதினைந்து வயது மலேசிய மாணவர்களின் வாசிப்புப் புள்ளி 388. 2018இல் அது 415. அந்த உலக வங்கி அறிக்கைக்கு வைத்த தலைப்பு, மூங்கிலை முளையிலேயே வளைக்கச் சொல்லும் மலாய்ப் பழமொழியிலிருந்து எடுத்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் உலக வங்கியும் சொல்லியிருக்கிறது!

சமுதாயத்துக்கு என்ன நட்டம்?

'என் பிள்ளை நன்றாகப் படிக்கிறான், யாரோ ஒரு தோட்டத்துப் பிள்ளை வாசிக்காவிட்டால் எனக்கென்ன?' என்று யாரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை. மனத்துக்குள் கேட்கிறோம். ஆகவே கோலாலம்பூரில் இருக்கும் ஒருவரின் சாப்பாட்டுத் தட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் நேற்றுச் சாப்பிட்ட முட்டைக்கோசும் தக்காளியும் கேமரன் மலையிலிருந்து வந்திருக்கலாம். அங்கே மருந்தடிக்கிற தொழிலாளியின் கையில் இருக்கும் போத்தலில் ஒரு சிட்டை ஒட்டியிருக்கும். எத்தனை லிட்டர் தண்ணீரில் எவ்வளவு கலக்க வேண்டும், எந்தப் பயிருக்கு ஆகாது, மருந்தடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்பதெல்லாம் அதில் சின்ன எழுத்தில் இருக்கும். அதை வாசித்து, மனத்தில் ஒரு பெருக்கல் போட்டு, நாள்காட்டியில் நாளைக் குறித்து வைக்கிற ஒருவர் அங்கே இருந்தால் உங்கள் தட்டு பாதுகாப்பானது. 'போன தடவை போட்ட மாதிரி ரெண்டு மூடி போடு' என்று வேலை நடந்தால், முதலில் பாதிக்கப்படுவது அவருடைய நுரையீரல், அடுத்தது நாம். மூன்றாம் ஆண்டு வாசிப்புக்கும் நம் குடும்பத்து உடல்நலத்துக்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவுதான்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்களில் எழுபது விழுக்காட்டுக்கும் மேல் இந்தியர்கள் என்றது அமைச்சு. அன்று நம்மவர்கள் பலர் சினிமாவைத் திட்டினார்கள், பெற்றோரைத் திட்டினார்கள். ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது லயங்களை விட்டுப் பட்டண ஓரங்களுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எந்த ஆண்டில் பள்ளியை விட்டார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. பதினான்கு வயதில் வகுப்பறையில் தனக்கு இடமில்லை என்று உணர்கிற பையனுக்கு வேறு எங்காவது ஓர் இடம் வேண்டும். அதைக் கொடுக்கத் தெருவில் ஆள் இருக்கிறது. அப்புறம் போலீஸ், நீதிமன்றம், சிறை என்று அவனுக்காக அரசாங்கம் செலவழிப்பதும் நம் வரிப்பணம்தான்.

தேயிலைத் தோட்டத்துக் கதை ரப்பரிலிருந்து சற்று வேறு. ஜே.ஏ.ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து மலையில் தேயிலை தேயிலையாகவே நிற்கிறது. ஆனால் வேலை மாறிவிட்டது. விரலால் கிள்ளிய கொழுந்தை இன்று பெரும்பாலும் கத்தரியும் இயந்திரமும் அறுக்கின்றன, அவற்றைப் பிடிக்கும் கைகளில் பல வெளிநாட்டுக் கைகள். பாட்டி செய்த வேலை பேரனுக்காகக் காத்திருக்கவில்லை. அவன் மலையில் இருந்தாலும் இறங்கினாலும் இயந்திரம் பழுது பார்ப்பது, தங்கும் விடுதி, குளிர்பதன லாரி, கணக்கு, தாதிமை என்று ஏதோ ஒன்றுக்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் வாசிப்பு வேண்டும்.

கூலிக்குப் போதுமான படிப்பு

தோட்டப் பள்ளிகள் ஏன் பின்தங்கின என்று கேட்டால் பிள்ளைகளையோ பெற்றோரையோ குறை சொல்வது எளிது. வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. துரைமார் வைத்தார்கள். எப்படி? ஒரு கொட்டகை, பல இடங்களில் ஆசிரியராக ஒரு கங்காணி அல்லது கிராணி, சில ஆண்டுப் படிப்பு. பிள்ளை வளர்ந்து தோட்டத்தை விட்டுப் போகும் அளவுக்குப் படிக்க வேண்டும் என்பது யாருடைய திட்டத்திலும் இல்லை. பள்ளி என்பது தொழிலாளி குடும்பத்தோடு தோட்டத்திலேயே தங்குவதற்கான ஏற்பாடு.

1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் பல பள்ளிகள் நீண்ட காலம் பகுதி உதவிப் பள்ளிகளாகவே இருந்து, கட்டடத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் கையேந்த வேண்டியிருந்தது. தொடக்கக் கல்வி சட்டப்படி கட்டாயமானதே 2003இல்தான். இந்த அடித்தளத்தில் நின்று நம் பள்ளிகள் இவ்வளவு எட்டியிருப்பதற்கு ஆசிரியர்களைத்தான் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

மலையில் ஆசிரியராக இருப்பவர் ஒருவர் படப்பிடிப்புக்கு இடையே என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, இங்க வீட்டு வாடகை சுற்றுலா வாடகை. கீழ இருந்து வர்ற வாத்தியார் ரெண்டு வருஷம் பார்ப்பாரு, மாற்றல் எழுதிப் போட்ருவாரு. முதலாம் ஆண்டுல தொடங்கின ஆசிரியர் மூணாம் ஆண்டுல இருக்கிறதில்ல." ஆசிரியர் குடியிருப்பு கட்டுவது கல்வித் திட்டம் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை.

சிறிய பள்ளி சுமையா?

நாட்டில் 150 மாணவருக்குக் குறைவான பள்ளிகளைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்துகிறார்கள். மாணவர் எண்ணிக்கை மிகக் குறைந்துவிட்டால் இரண்டு ஆண்டுகளை இணைத்து ஒரே வகுப்பாக நடத்துவதும் உண்டு. தோட்டப் பள்ளிகளில் பல இந்த ரகம். எங்கள் கலந்துரையாடலிலும் 'இவற்றை மூடிப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிட்டால் என்ன' என்ற கேள்வி வந்தது. அடிக்கடி வரும் கேள்விதான்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. ஏறத்தாழ பதினோராயிரம் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலர் 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்பில், மற்றவர்கள் 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பில். சிறு வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணிதத்திலும் முந்தினார்கள். அதிக லாபம் அடைந்தவர்கள் கறுப்பின, ஏழைப் பிள்ளைகள். அப்படிப் பார்த்தால், பட்டணத்துப் பெற்றோர் தனியார் பள்ளிக்குப் பணம் கட்டி வாங்கும் சிறு வகுப்பு, தோட்டத்துப் பிள்ளைக்கு இலவசமாகவே கிடைத்திருக்கிறது! பன்னிரண்டு பேர் உள்ள வகுப்பில் யாருக்கு 'ற'வும் 'ர'வும் குழம்புகிறது என்று ஆசிரியருக்கு ஒரு வாரத்தில் தெரியும். நாற்பது பேர் வகுப்பில் அது ஆண்டு முடிவில்கூடத் தெரியாமல் போகலாம். என்னைக் கேட்டால், மூடுவதற்கு முன் அந்தச் சிறுமையை முறையாகப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். ஆசிரியர் நிலைக்க வேண்டும், இணைவகுப்பு நடத்தும் பயிற்சி வேண்டும், முதல் மூன்று ஆண்டு வாசிப்பை ஒவ்வொரு பிள்ளையாகக் கணக்கு வைக்க வேண்டும்.

இலங்கை மலையகத்தில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கும் தேயிலை, அங்கும் நம் மக்கள், அங்கும் லயத்து ஓரத்தில் ஒற்றை ஆசிரியர் பள்ளி. 1970களில் அரசு அந்தப் பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1980களில் சுவீடன் உதவிக்கு வந்தது. மலையகத்து இளைஞர்களையே ஆசிரியர்களாக எடுத்தார்கள். அவர்களைப் பயிற்றுவிக்கப் பத்தனையில் ஜெர்மனியின் துணையோடு ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொழுந்தெடுத்தவரின் மகள் அதே மலையில் ஆசிரியையாக நின்றபோது மாற்றல் கேட்க அவருக்குக் காரணம் இல்லை. அது அவர் ஊர்.

எதைக் கேட்கிறோம், எதைக் கேட்பதில்லை

ஒவ்வோர் ஆண்டும் மெட்ரிகுலேஷன் இடத்துக்காக நம் நாளிதழ்கள் குரல் கொடுக்கின்றன. தேவையான குரல். 2024இல், எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ எடுத்த எல்லாருக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்று பிரதமர் அறிவித்தார். நல்லது. அது உச்சியிலிருக்கும் பிள்ளைக்கு. மூன்றாம் ஆண்டு முடிவில் எத்தனை பிள்ளைகள் மூன்று மொழியிலும் தடையின்றி வாசிக்கிறார்கள் என்று கேட்டு நம் சங்கங்களில் எத்தனை மகஜர் கொடுத்திருக்கின்றன? பெரும்பாலான டியூஷன் உதவியும் தேர்வு எழுதும் ஆண்டில்தான் வருகிறது. வீடு எரிந்து முடியும் நேரத்தில் தண்ணீர் வண்டி.

யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டது, பி.டி.3 தேர்வு 2022இல் நீக்கப்பட்டது. தேர்வு பயம் போனதில் எனக்கு மகிழ்ச்சி. என்னைப் போல் ஒரு 'டி'யால் அழுத பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தேர்வுகள் போன பிறகு, வாசிக்கத் தெரியாத பிள்ளை எஸ்.பி.எம். வரை யார் கண்ணிலும் படாமல் போகவும் வழி பிறந்தது. வகுப்பறை மதிப்பீட்டு அறிக்கை பெற்றோர் கைக்கு வருகிறது. அதில் உள்ள நிலை எண்ணுக்கு என்ன பொருள் என்று எத்தனை பெற்றோர் ஆசிரியரிடம் கேட்கிறார்கள்? உங்கள் வீட்டில் தொடக்கப்பள்ளிப் பிள்ளை இருந்தால் இன்று மாலை இந்த நாளிதழின் ஏதாவது ஒரு செய்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

லெம்பா பெர்த்தாமுக்கு மேலே ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை இருக்கிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில், கனமழையால் நிரம்பிய அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் ஆறு பெருகி இந்தப் பள்ளத்தாக்கில் வீடுகளை அடித்துப் போனது. உயிர்களும் போயின. இப்போது ஆற்றோரம் போகிறவர்கள் எச்சரிக்கைப் பலகையைப் பார்க்காமல் போக முடியாது.

பாட்டியின் பேரனை அந்தப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, வாசிக்கிறாயா தம்பி என்று கேட்டேன். 'ஆவாஸ்' என்ற முதல் சொல்லை உடனே சொல்லிவிட்டான். பெரிய எழுத்து, தினமும் பார்ப்பது. அடுத்த வரிக்கு வந்தான். 'ஆ-யேர்' என்றான். 'நா-யிக்' என்றான். தண்ணீர் ஏறும் என்பது வரை வந்துவிட்டது. மூன்றாவது சொல் நீளமானது, திடீரென்று என்று பொருள். 'மெ… மென்… டா…' விரலை வைத்துக்கொண்டு நின்றான். திரும்பிப் பாட்டியைப் பார்த்தான். பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். நான் வாயைத் திறக்கவில்லை. கேமரா அண்ணன் ஓட்டத்தை நிறுத்தவில்லை. நாற்பது விநாடிகளுக்கு மேல் ஆயிற்று, அந்த ஒரு சொல்லுக்கு.

படத்தொகுப்பு அறையில், இது மிக நீளம், நேயர்கள் சேனல் மாற்றிவிடுவார்கள், பத்து விநாடியாகக் குறைக்கலாமா என்று கேட்டார்கள். அப்படியே விடச் சொன்னேன்.